தேதி போட்டால் வேறு தேதி வருகிறதே! கோத்தகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்கும், இலை வாங்கி ஃபாக்டரிக்கு ஏற்றிவிடுகிறவர்களுக்கும் நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள், மகளிர் குழுக்காரர்கள் என்று மற்றவர்களும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். 'எக்செல்லில் கூட்டுத்தொகை தப்பா வருது' என்பார்கள். திறந்து பார்த்தால் கூட்டல் சரியாகத்தான் இருக்கும், தேதிதான் கோணல். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ஒரு குறிப்பு: சூத்திரங்களின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

தேதி போட்ட இடத்தில் 45448 என்று ஏதோ நம்பர் வருகிறது. ஃபைல் கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. அதுதான் தேதியின் உண்மையான உருவம். எக்செல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து நாள்களை எண்ணிக்கொண்டே வருகிறது. 2024 ஜூன் 5 என்பது அதன் கணக்கில் 45448. நாம் பார்க்கும் 05-06-2024 என்பது அந்த எண்ணுக்கு மாட்டிவிட்ட சட்டை. சட்டை கழன்றுவிட்டால் எண் தெரிகிறது, அவ்வளவுதான். கட்டத்தைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட்டில் 'டேட்' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம். கட்டத்தில் இருப்பது எண் என்றால் அது தேதி. எண் இல்லை, வெறும் எழுத்து என்றால், கண்ணுக்கு எவ்வளவு அழகான தேதியாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது 'குன்னூர்' என்று எழுதியிருப்பதற்குச் சமம்.

எது எண், எது எழுத்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நாமாக இடது, வலது ஒதுக்கம் எதுவும் மாற்றாமல் இருந்தால், உண்மையான தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். யாராவது 'பார்க்க நன்றாக இருக்கட்டும்' என்று எல்லாவற்றையும் நடுவில் வைத்திருந்தால் இந்த அடையாளம் போய்விடும். அதனால் தேதி நிரலை (மேலிருந்து கீழாகப் போகும் கட்ட வரிசையை) மட்டும் நடுவில் வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் =இஸ்நம்பர்(ஏ2) என்று போட்டுக் கீழே வரை இழுங்கள். ஏ2 என்பது முதல் தேதி இருக்கும் கட்டம். ட்ரூ என்றால் தேதி, ஃபால்ஸ் என்றால் எழுத்து. இன்னொரு வழி, ஃபில்டர் போட்டு அம்புக்குறியை அழுத்துவது. உண்மையான தேதிகள் வருடம், மாதம் என்று அடுக்காக மடிந்து வரும். எழுத்தாகக் கிடப்பவை அந்த அடுக்கில் சேராமல் கீழே தனித்தனியாக உதிர்ந்து கிடக்கும்.

புது லேப்டாப் வாங்கி வருடம் முழுக்க இலைக் கணக்கு ஏற்றினோம். ஜூன் மாதத்துக்கு மொத்தம் கேட்டால் பாதிகூட வரவில்லை. எங்கே போனது இலை?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றிலும் மோசமான தப்பு இதுதான். மற்றதெல்லாம் கத்திக் காட்டிக்கொடுக்கும். இது சத்தமே போடாது.

புது லேப்டாப் பெரும்பாலும் அமெரிக்க வழக்கத்தில் அமைந்து வருகிறது. அங்கே மாதம் முதலில், நாள் பின்னால். நீங்கள் ஜூன் 5 என்று நினைத்து 5/6/2024 அடிக்கிறீர்கள். அது மே 6 என்று எடுத்துக்கொள்கிறது. ஜூன் 13 வந்ததும் 13/6/2024 அடிக்கிறீர்கள். 13-வது மாதம் என்று ஒன்று கிடையாதே, அதனால் 'இது தேதியே இல்லை' என்று எழுத்தாக ஒதுக்கிவிடுகிறது. இரண்டுக்கும் எந்த எச்சரிக்கையும் வராது.

இப்போது ஜூன் மொத்தத்தில் என்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 13 முதல் 30 வரை உள்ள இலை எழுத்தாகக் கிடப்பதால் கணக்கிலேயே வராது. 1 முதல் 12 வரை உள்ள இலை ஜனவரி 6, பிப்ரவரி 6, மார்ச் 6 என்று ஒவ்வொரு மாதத்தின் 6-ஆம் தேதிக்குப் போய் உட்கார்ந்திருக்கும். ஜூன் 6 மட்டும்தான் சொந்த இடத்தில் இருக்கும். சரி, அப்படியானால் ஜூன் என்று காட்டும் தொகை யாருடையது? நீங்கள் 6/1, 6/2, 6/3 என்று அடித்த நாள்கள், அதாவது ஒவ்வொரு மாதத்திலும் 6-ஆம் தேதி எடுத்த இலை. ஆக 12 நாள் இலையைக் கூட்டி 'இதுதான் ஜூன்' என்று நீட்டுகிறது. பூஜ்யம் வந்திருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும். ஏதோ ஒரு தொகை வருவதால் 'இந்த மாசம் மழை, இலை கம்மி' என்று நாமே காரணமும் சொல்லிக்கொள்கிறோம்.

நானும் இதில் விழுந்தவன்தான். ஒரு ஃபாக்டரிக்காக ஏற்றிய கணக்கில் ஒரு பெரியவருக்கு மாதத்தொகை குறைந்து வந்தது. ஃபாக்டரி அலுவலகத்தில் கணினி சொல்வதுதான் சரி என்றார்கள். அவர் எடை போட்ட சீட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, மாறிப்போனதை எப்படிச் சரிசெய்வது?

முதலில் ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் வையுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வரியைப் படிக்காதீர்கள்.

அடுத்து, கணினியின் வழக்கத்தை மாற்றுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், ரீஜன், ஃபார்மட்ஸ் என்று போனால் 'இங்கிலீஷ் இந்தியா' இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து எக்செல்லை மூடித் திறங்கள். இனி அடிப்பதெல்லாம் நாள் முதலில், மாதம் பின்னால். ஆனால் இது இனிமேலுக்குத்தான். ஏற்கெனவே மே 6 ஆகிப்போனது மே 6 ஆகவே நிற்கும். ஃபார்மட்டை எத்தனை முறை மாற்றினாலும் சட்டைதான் மாறும், உள்ளே இருக்கும் எண் மாறாது.

பழைய வரிகளுக்கு, பக்கத்தில் ஒரு காலி நிரல் சேர்த்து இதைப் போடுங்கள்:

=இஃப்(இஸ்நம்பர்(ஏ2), டேட்(இயர்(ஏ2), டே(ஏ2), மன்த்(ஏ2)), டேட்(ரைட்(ஏ2,4), மிட்(ஏ2,4,லென்(ஏ2)-8), லெஃப்ட்(ஏ2,2)))

பார்க்கப் பயமாக இருந்தாலும் சொல்வது எளிய விஷயம்தான். கட்டத்தில் எண் இருந்தால் (அதாவது மாறிப்போன தேதி) நாளையும் மாதத்தையும் இடம் மாற்று. எழுத்து இருந்தால் கடைசி நாலு எழுத்து வருடம், முதல் இரண்டு எழுத்து நாள், நடுவில் இருப்பது மாதம் என்று பிரித்துத் தேதியாக்கு. எழுத்தாகக் கிடப்பவை எல்லாம் 12-க்கு மேற்பட்ட நாள்கள் என்பதால் நாள் எப்போதும் இரண்டு இலக்கம்தான். மாதத்தைச் சிலர் 6 என்றும் சிலர் 06 என்றும் அடித்திருப்பார்கள். லென் போட்டு 8 கழிப்பது அதற்காகத்தான். வருடம் நாலு இலக்கமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கீழே வரை இழுத்த பிறகு அந்த நிரலை நகலெடுத்து, 'பேஸ்ட் வேல்யூஸ்' என்று மதிப்பாக மட்டும் ஒட்டுங்கள். பிறகு பழைய நிரலை மறைத்து வையுங்கள். ஒரு மாதமாவது அழிக்க வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை. திருத்திய நிரலின் மேலேயே இதே சூத்திரத்தை மறுபடி ஓட்டினால் 12-க்குட்பட்ட நாள்கள் பழையபடி மாறிப்போகும். அதே மாதிரி, நடுவில் யாரோ வழக்கத்தை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு மீதியை ஏற்றியிருந்தால், அந்த வரிகள் ஏற்கெனவே சரியானவை. அவற்றின் மேல் ஓட்டினால் சரியானது தப்பாகிவிடும். எந்த வரியிலிருந்து மாறியது என்பதைச் சீட்டை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். தாள் சீட்டைக் குப்பையில் போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கூகுள் ஷீட்ஸில் போட்டாலும் இந்தப் பிரச்சினை வருமா?

வரும், ஆனால் மாற்றும் இடம் வேறு. எக்செல் கணினியின் வழக்கத்தைப் பார்க்கும். கூகுள் ஷீட்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி வழக்கம். ஃபைல், செட்டிங்ஸ் என்று போய் 'லொகேல்' என்ற இடத்தில் இந்தியா என்று வையுங்கள். அங்கேயே நேர மண்டலமும் இருக்கும், அதையும் இந்தியாவுக்கு மாற்றுங்கள். அது வேறு நாட்டில் இருந்தால் இன்றைய தேதி காட்டும் சூத்திரம் நமக்கு நள்ளிரவில் மாறாமல் பட்டப்பகலில் மாறும்.

ஒரு விதத்தில் கூகுள் ஷீட்ஸ் முறை நல்லது. கோத்தகிரியில் ஒருவர், கூடலூரில் ஒருவர், கோவையில் படிக்கும் மகன் ஒருவன் என்று மூன்று பேர் திறந்தாலும் ஃபைலுக்கு ஒரே வழக்கம்தான்.

நாங்கள் எப்போதும் 12.06.2024 என்று புள்ளி வைத்துத்தான் எழுதுவோம். அது தப்பா?

தாளில் தப்பே இல்லை. அரசாணையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை நம் ஊரில் புள்ளிதான் வழக்கம். ஆனால் எக்செல் இங்கே புள்ளியைத் தேதியாக ஏற்பதில்லை, எழுத்தாக வைத்துக்கொள்ளும். கன்ட்ரோல் விசையோடு ஹெச் அழுத்தி, புள்ளியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிறு கோடு வைக்கச் சொன்னால் தேதியாகிவிடும். வழக்கம் இந்தியாவாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே செய்யுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன நாள், மாதம் குழப்பத்தை நீங்களே உண்டாக்கிக்கொள்வீர்கள்.

எக்செல் மாதிரியே இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் கால்க் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடச் சுகம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்புகள் என்று போனால் எந்த வடிவங்களைத் தேதியாக ஏற்கலாம் என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் டி, எம், ஒய் என்ற ஆங்கில எழுத்துகளைப் புள்ளி வைத்துப் பிரித்துச் சேர்த்துவிட்டால் புள்ளி வைத்த தேதியை அப்படியே ஏற்கும்.

ஆனால் வருடம் இல்லாமல் 12.10 என்று மட்டும் அடித்திருந்தால் கதை வேறு. அது சாதாரண தசம எண். கடைசிப் பூஜ்யத்தைத் தூக்கிவிட்டு 12.1 என்று வைத்துக்கொள்ளும். இப்போது அது ஜனவரி 12-ஆ, அக்டோபர் 12-ஆ? எந்தச் சூத்திரத்தாலும் சொல்ல முடியாது. சீட்டைப் பார்த்து மறுபடி அடிப்பது ஒன்றே வழி.

வருடம் போடாமல் 28/12 என்று அடித்தால் வருடத்தைத் தானாகவே போட்டுக்கொள்கிறதே, வசதிதானே?

வசதிதான், ஜனவரி வரும் வரை. டிசம்பர் இலைக் கணக்கை நாம் ஏற்றுவது ஜனவரி முதல் வாரத்தில். உறைபனியில் விரல் விறைத்துப்போய், சீக்கிரம் முடித்தால் போதும் என்று 28/12 அடிப்போம். கணினி அந்தப் புது வருடத்தையே போட்டுக்கொள்ளும். இன்னும் பிறக்காத டிசம்பரில் இலை எடுத்ததாகக் கணக்கு நிற்கும். ஜனவரி மாதத்தில் மட்டுமாவது வருடத்தைச் சேர்த்து அடியுங்கள்.

பிறந்த வருடம் 28 என்று போட்டால் 2028 என்று வருகிறது.

எக்செல்லின் வழக்கமான கணக்கில் 00 முதல் 29 வரை 2000-களைச் சேரும், 30 முதல் 99 வரை 1900-களைச் சேரும். விண்டோஸ் அமைப்பில் இந்த எல்லையை மாற்றவும் முடியும் என்பதால் இரண்டு கணினியில் இரண்டு விதமாகவும் வரலாம். 1928-இல் பிறந்த பாட்டியை இன்னும் பிறக்காத குழந்தையாக்கிவிடும். வருடத்துக்கு நாலு இலக்கம் போடுங்கள், பேச்சு முடிந்தது.

ஒரே நாளில் 40 பேர் இலை போட்டார்கள். தேதியை ஒரு கட்டத்தில் அடித்துக் கீழே இழுத்தால் 40 நாள் ஓடிவிட்டது!

கட்டத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் தேதியை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது அதன் பழக்கம். கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் அதே தேதி எல்லாக் கட்டத்திலும் வரும். அல்லது தேதி உள்ள கட்டத்தோடு கீழே உள்ளவற்றையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், டி அழுத்துங்கள். இழுத்து முடித்ததும் கடைசி வரியை ஒரு தடவை பாருங்கள். மேலே உள்ள நாலைந்து வரிதான் திரையில் தெரியும், தப்பு எப்போதும் கீழே ஒளிந்திருக்கும்.

கட்டத்தில் #### என்று வேலி கட்டின மாதிரி வருகிறது.

நிரல் குறுகலாக இருக்கிறது. அகலப்படுத்துங்கள். அகலப்படுத்தியும் வேலி போகவில்லை என்றால், கழித்தலில் தேதி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கிறது. பெரும்பாலும் வந்த தேதியையும் போன தேதியையும் இடம் மாற்றிக் கழித்திருப்பீர்கள்.

ஹோம்ஸ்டேயில் எத்தனை இரவு தங்கினார்கள் என்று கழித்துப் பார்த்தால் 02-01-1900 என்று வருகிறது.

இரண்டு இரவு என்று அர்த்தம். விடை 2 தான். அந்தக் கட்டம் ஏற்கெனவே தேதிச் சட்டை போட்டிருந்ததால் எக்செல் 2 என்ற எண்ணை 1900-இன் இரண்டாம் நாளாகக் காட்டுகிறது. ஃபார்மட்டை 'நம்பர்' என்று மாற்றுங்கள். சீசனில் மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டத்துக்கு நடுவே இதைப் பார்த்துப் பதறி ஃபோன் செய்தவர்கள் உண்டு.

ஃபார்மட்டை 'டேட்' என்று மாற்றியும் தேதி தேதியாக மாட்டேன் என்கிறது.

அந்தக் கட்டம் முன்பே 'டெக்ஸ்ட்' வடிவில் இருந்திருக்கும், அல்லது தேதிக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி இருக்கும். ஃபார்மட்டை மாற்றுவதால் மட்டும் எழுத்து எண்ணாகாது, மறுபடி அடித்த மாதிரி ஆக்க வேண்டும். ஒன்றிரண்டு கட்டம் என்றால் எஃப் 2 அழுத்தி என்டர் தட்டுங்கள். மேற்கோள் குறி இருந்தால் அதை அழித்துவிட்டுத் தட்டுங்கள். முழு நிரல் என்றால் நிரலைத் தேர்ந்தெடுத்து, டேட்டா பட்டியலில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்', அதன் மூன்றாவது பக்கத்தில் 'டேட்' என்பதில் டி எம் ஒய், பிறகு ஃபினிஷ். எல்லாம் எழுத்தாகவே கிடக்கும் நிரலுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. பாதி எண், பாதி எழுத்து என்று கலந்து கிடக்கும் நிரலுக்கு மேலே கொடுத்த நீளச் சூத்திரமே பாதுகாப்பு.

அதற்கும் அசையவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியதில் இது சகஜம். ட்ரிம் போட்டால் சாதாரண இடைவெளி போய்விடும். இணையத்து இடைவெளி வேறு ஜாதி, அதன் எண் 160. சப்ஸ்டிட்யூட் சூத்திரத்தில் கேர்(160) என்பதை எடுத்துவிட்டு ஒன்றுமில்லாததை வைக்கச் சொல்ல வேண்டும்.

நிலத்தின் சர்வே எண் 3/2 என்று அடித்தால் பிப்ரவரி 3 என்று ஆகிவிடுகிறது. இது என்ன தலைவலி!

அது தேதியாகத் தெரிகிற எதையும் தேதியாக்கிவிடும். 14/2 என்றால் மாறும், 124/2 என்றால் மாறாது. அதனால் பட்டியலில் சிலது மட்டும் கெட்டுப்போய்க் கிடக்கும், எல்லாம் கெட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். கதவு எண்ணுக்கும் இதே கதைதான். அடிப்பதற்கு முன்பே அந்த நிரல் முழுவதையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்றிப் பயனில்லை. 2024-இல் அடித்த 3/2 அப்போது 45325 என்று பல்லைக் காட்டும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை என்பதில் ஒரு ஆறுதல். மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 என்றெல்லாம் சுருக்கப் பெயர்கள் இருந்தன. விஞ்ஞானிகள் அவற்றை எக்செல்லில் ஏற்றும்போதெல்லாம் மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாகிக்கொண்டிருந்தன. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு, 2020-இல் வெளியிட்ட விதிமுறைகளில் இந்தச் சிக்கலைக் கணக்கில் எடுத்து அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது! 2023-இல் மைக்ரோசாஃப்ட் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்த ஒரு வசதி கொடுத்தது. ஆனால் அது எழுத்தும் எண்ணும் ஒட்டி வருபவற்றுக்குத்தான். சாய்கோடு போட்ட நம் சர்வே எண்ணை அது காப்பாற்றாது.

இலை வண்டி ஓட்டுகிற தம்பி கூகுள் ஃபார்மில் பதிவு செய்கிறார். ஜூன் 5 எத்தனை பதிவு என்று எண்ணினால் பூஜ்யம் வருகிறது. ஆனால் கண்ணெதிரே இருக்கிறது!

ஃபார்ம் தானாகப் போடுவது தேதி மட்டும் இல்லை, நேரமும் சேர்ந்தது. நாள் முழு எண் என்றால் நேரம் அதன் பின்னம். ஜூன் 5 காலை 6 மணி என்பது 45448.25. நீங்கள் 45448 எத்தனை என்று கேட்டால், சரியாக நள்ளிரவில் பதிவானது மட்டும்தான் அகப்படும். பக்கத்து நிரலில் =இன்ட்(ஏ2) போட்டுப் பின்னத்தை வெட்டிவிட்டு அதை எண்ணுங்கள்.

பில்லில் இன்றைய தேதி தானாக வரும்படி வைத்தேன். போன மாத பில்லைத் திறந்தால் அதிலும் இன்றைய தேதி!

டுடே சூத்திரம் தினமும் மாறும், அதன் வேலையே அதுதான். பில்லுக்கு அது கூடவே கூடாது. கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் இன்றைய தேதி நிலையாக வந்து உட்காரும், பிறகு மாறாது.

நிதி ஆண்டு வாரியாக, ஏப்ரல் முதல் மார்ச் வரை, எப்படிப் பிரிப்பது?

தேதியை மூன்று மாதம் பின்னுக்குத் தள்ளி வருடத்தை எடுங்கள்: =இயர்(ஈடேட்(ஏ2,-3)). 2025 பிப்ரவரி தேதிக்கு 2024 என்று வரும், அதாவது 2024-25. பைவட் டேபிளில் (கணக்கைத் தொகுத்துக் காட்டும் எக்செல் அட்டவணையில்) மாத வாரியாகத் தொகுக்க முடியவில்லை என்று மறுத்தால், எங்கோ ஒரு கட்டத்தில் எழுத்துத் தேதி ஒளிந்திருக்கிறது என்று பொருள். இஸ்நம்பர் போட்டுத் தேடிப் பிடியுங்கள்.

சிஎஸ்வி ஃபைலாக அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால் வருடம் காணாமல் போய்விட்டது.

சிஎஸ்வி என்பது காற்புள்ளி வைத்துப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல். அதில் போவது உள்ளே இருக்கும் எண் இல்லை, வெளியே தெரியும் சட்டை. திரையில் 05-ஜூன் என்று மட்டும் தெரிந்தால் அதுவே போகும். சேமிப்பதற்கு முன் 2024-06-05 என்று வருடம் முதலில் வரும் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். வருடம், மாதம், நாள் என்ற இந்த வரிசையை அமெரிக்க வழக்கத்துக் கணினியும் நம் வழக்கத்துக் கணினியும் ஒரே மாதிரிதான் படிக்கும். உங்களுக்கு வரும் சிஎஸ்வியை இருமுறை தட்டித் திறக்காதீர்கள், டேட்டா பட்டியல் வழியாக உள்ளே எடுங்கள். அங்கே தேதி நிரல் எந்த வரிசையில் இருக்கிறது என்று சொல்ல இடம் இருக்கும்.

மேக்கில் செய்த பழைய ஃபைலிலிருந்து நகலெடுத்தால் எல்லாத் தேதியும் நாலு வருடம் தள்ளிப்போகிறது.

சரியாகச் சொன்னால் 1462 நாள், அதாவது நாலு வருடமும் ஒரு நாளும். பழைய மேக் எக்செல் 1904-லிருந்து எண்ணும். காலிக் கட்டத்தில் 1462 என்று அடித்து நகலெடுத்து, தள்ளிப்போன தேதிகளின் மேல் 'பேஸ்ட் ஸ்பெஷல்' வழியாகக் கூட்டுங்கள், அல்லது கழியுங்கள். எந்தப் பக்கம் தள்ளிப்போயிருக்கிறதோ அதைப் பொறுத்தது.

நாள், மாதம் மாறும் தப்பு வராமலேயே தடுக்க முடியாதா?

முடியும். 'டேட்டா வேலிடேஷன்' என்று ஒன்று உண்டு. தேதி நிரலைத் தேர்ந்தெடுத்து, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள்தான் ஏற்க வேண்டும், மீறினால் தடுத்துவிடு என்று வைக்கலாம். எல்லோரும் நிதி ஆண்டு முழுவதையும் எல்லையாக வைப்பார்கள். அது போதாது. ஜூன் 5 மே 6 ஆனாலும் அதே ஆண்டுக்குள்தானே இருக்கிறது, உள்ளே விட்டுவிடும்.

என் யோசனை: மாதத்துக்கு ஒரு தாள் வையுங்கள், அந்தத் தாளில் அந்த மாதத்தின் முதல் நாளும் கடைசி நாளும்தான் எல்லை. ஜூன் தாளில் 5/6 என்று அடித்து அது மே 6 ஆனால் உடனே தடுத்துவிடும். 13/6 எழுத்தானாலும் தடுக்கும். 6/6 மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான், அதனால் பாதகமில்லை. ஒரே ஒரு ஓட்டை, நகலெடுத்து ஒட்டினால் வேலிடேஷன் கேள்வி கேட்காது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஒட்டுகிறவர்கள் இதை நம்பி இருக்க வேண்டாம்.

அடிக்கும்போதே குழப்பம் வேண்டாம் என்றால் மாதத்தை ஆங்கிலத்தில் மூன்று எழுத்தில் அடிக்கலாம்: 5, கோடு, ஜூன், கோடு, 2024. இரண்டு விசை கூடுதல், அவ்வளவுதான். என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் பழக்குகிறேன்.

தமிழ் மாதத் தேதி போட முடியுமா? கோயில் திருவிழாக் கணக்குக்கு வேண்டும்.

ஆனி 12 என்று அடித்தால் அது எழுத்தாக நிற்கும், கணக்கிட வராது. நம் மாதங்களின் நீளம் சூரியன் ராசி மாறுவதைப் பொறுத்தது, 29 நாளும் உண்டு, 32 நாளும் உண்டு. எக்செல்லுக்கு அது தெரியாது. ஆங்கிலத் தேதியை ஒரு நிரலில் வைத்து, பஞ்சாங்கம் பார்த்துத் தமிழ்த் தேதியைப் பக்கத்து நிரலில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட்டின் பழைய மழைக் கணக்கு நோட்டை ஏற்றுகிறோம். 1890-களின் தேதிகள் மட்டும் வரிசையில் நிற்க மறுக்கின்றன.

எக்செல்லின் உலகம் 1900 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேதி எதை அடித்தாலும் எழுத்துதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1899 ஜூனில், ஊட்டி வரை நீண்டது 1908-இல். எக்செல்லைக் கேட்டால் ஊட்டி ரயில் தெரியும், குன்னூர் ரயில் தெரியாது.

அதிலும் 1900-இன் முதல் இரண்டு மாதங்களை நம்பக் கூடாது. அந்த வருடம் லீப் வருடம் இல்லை. ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் அதை லீப் வருடமாக எண்ணிவிட்டது. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செல்லும் அந்தத் தப்பை வைத்துக்கொண்டது. அதனால் நடக்காத 1900 பிப்ரவரி 29 அதில் இருக்கிறது, அதற்கு முந்தைய நாள்களின் கிழமை ஒரு நாள் தள்ளி வரும்.

லிப்ரே ஆஃபீஸ் கால்க் 1900-க்கு முந்தைய தேதிகளையும் தேதியாகவே ஏற்கும். மழைக் கணக்கை அதில் ஏற்றுங்கள். எக்செல்தான் வேண்டும் என்றால் வருடம், மாதம், நாள் மூன்றையும் மூன்று நிரலில் வெறும் எண்களாகப் போட்டு, அந்த வரிசையிலேயே அடுக்கச் சொல்லுங்கள்.